பன்னிரண்டு மணி ரயிலுக்கு முந்நூறு பேர்

வாயைத் திற, மூச்சை இழு, விடு, கையை நீட்டு, திரும்பு. காலை ஏழு மணியிலிருந்து சவரிராயன் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். சுவாஹிலியில் அவருக்குத் தடங்கலில்லாமல் வருவது இவ்வளவுதான். மேசைக்கு ஒரு கால் குட்டை. அடியில் ஒரு மரச்சில்லு கொடுங்களய்யா என்று மூன்று வாரமாகச் சொல்கிறார், ஒருத்தனும் கொடுக்கவில்லை. கையை ஊன்றும்போதெல்லாம் மேசை சாய்ந்து மைக்கூடு விளிம்புக்கு நகர்ந்து வருகிறது, அதைத் திரும்ப உள்ளே தள்ளுவதும் அவர் வேலைதான். சப் அசிஸ்டென்ட் சர்ஜன். தஞ்சாவூர் மெடிக்கல் ஸ்கூலில் நாலு வருஷம் பிரேதம் அறுத்துப் படித்துவிட்டுக் கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்கு வந்து மைக்கூடு தள்ளுகிற உத்தியோகம். அடுத்தவன் வந்து நின்றான். வாயைத் திற. மூக்கின் மேல் ஈ. தஞ்சாவூர் ஈயாவது கையை ஓங்கினால் ஒரு மரியாதைக்கு எழுந்திருக்கும், இந்த ஊர் ஈக்கு அந்த வெட்கமும் கிடையாது. மூச்சை இழு. விடு. நெஞ்சு சுத்தம். சுண்ணாம்புக்கட்டியால் நெஞ்சின் நடுவில் ஒரு சிலுவை போட்டார். சிலுவை போட்டால் தேறியவன், ரயிலேறலாம், வட்டம் போட்டால் கழித்தவன். இதைக் கண்டுபிடித்தவர் கேப்டன் ஹாலட், முகாமின் அதிகாரி. எழுதப் படிக்கத் தெரியாத காவல்காரனுக்கும் விளங்க வேண்டுமாம். சவரிராயனுக்கு முதல் நாள் அந்தச் சிலுவையைப் போடும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. சாம்பல் புதனன்று சாமியார் நெற்றியில் போடுவாரே, மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று, அந்த ஞாபகம். அது முதல் நாள். இப்போது மே மாதம், எத்தனையாயிரம் சிலுவை போட்டாகிவிட்டது, விரலுக்கு என்ன தயக்கம், விரலில் சுண்ணாம்பு ஏறி நகக்கண் வெடித்திருப்பதுதான் மிச்சம்.

கேப்டன் விசில் ஊதினார். எதற்கு ஊதுகிறார் என்று யாருக்கும் தெரியாது, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊதுவார், முகாமில் இருக்கிற நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு மணி ரயிலுக்கு முந்நூறு பேர் வேண்டும், நேற்று இரவு சாப்பாட்டு நேரத்தில் வந்து சொல்லிவிட்டுப் போனார், ஏதோ முந்நூறு முட்டை வேண்டும் என்பதுபோல. எத்தனை தேறுவார்கள் என்று பார்த்துத்தானே சார் சொல்ல முடியும் என்றதற்கு, முந்நூறு தேறுவார்கள், பாபு, என்று தோளில் தட்டினார். பாபு. ஆயிரம் தடவை சொல்லியாயிற்று, பாபு என்பது குமாஸ்தாவுக்கு, நான் டாக்டர். ஐரோப்பாவில் அடித்துக்கொள்வது போதாதென்று இங்கிலீஷ்காரனும் ஜெர்மன்காரனும் இங்கேயும் அடித்துக்கொள்கிறார்கள். தெற்கே ஜெர்மன்காரன் பிடித்து வைத்திருக்கிற தேசத்தைப் பிடிப்பதற்கு, வடக்கே இங்கிலீஷ்காரன் பிடித்து வைத்திருக்கிற தேசத்திலிருந்து ஆள் பிடிக்கிறார்கள். அங்கே ரோடு கிடையாது. மாடு கட்டினால் ஏதோ ஒரு ஈ கடித்து மாடு செத்துப்போகிறது. மனிதன் மாட்டைவிடக் கொஞ்சம் நாள் தாங்குகிறான், ஆகவே மனிதன் தலையில் அறுபது ராத்தல், பட்டாளத்துக்குத் தோட்டா, மாவு, கேப்டன்களுக்குச் சாராயப் புட்டி. இங்கே ரயில் ஏறினால் மொம்பாசா, அங்கே கப்பல், அப்புறம் காடு. காட்டுக்கு அப்பால் என்ன என்பதைத் திரும்பி வருகிறவனைக் கேட்டால் தெரியும். திரும்பி வருகிறவன் பேசுகிற நிலையில் வருவதில்லை. கையை நீட்டு. திரும்பு. சிலுவை.

“ப்வானா, தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டான் ஹமீசி. மொம்பாசாக்காரன், ஐம்பது வயது, நரைத்த தாடி. கட்டுக் கட்டுவதிலிருந்து மொழிபெயர்ப்பு வரைக்கும் சவரிராயனுக்கு இருக்கிற ஒரே துணை அவன்தான். இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஹிந்துஸ்தானிதான் பேச்சு, எஜமான் என்பதற்கு மட்டும் ப்வானா என்று சுவாஹிலி. மேற்கே பெரிய ஏரிக்கரையில் பத்து வருஷம் உப்பு விற்றுத் திரிந்தவன் என்பதால் அந்தப் பக்கத்து லுவோ பாஷையும் அவனுக்கு வரும். தன் மாமா வயதுக்காரனை நீ போட்டுப் பேசுகிறோமே என்று முதல் மாதம் சவரிராயனுக்கு உறுத்தியது. அப்புறம் உறுத்தவில்லை. இந்த ஊரில் எல்லாமே அப்படித்தான், முதல் மாதம் உறுத்தும். வேண்டாம் என்று கையைக் காட்டினார். தண்ணீரைக் குடித்தால் எழுந்து போகவேண்டும், எழுந்து போனால் வரிசை நிற்கும், வரிசை நின்றால் விசில். நாலு நாளாக இடுப்பு வேறு பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்தவன் வந்து நின்றான். அவனைப் பார்த்ததும் சவரிராயனுக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது.

மூன்றாம் நாளாக அதே ஆள். நெட்டை, கீழ்வரிசையில் ஆறு பல் இல்லை, அது ஏரிக்கரைச் சனத்து வழக்கம். முந்தாநாள் வட்டம் போட்டார், நேற்றும் போட்டார், இன்றைக்கும் வந்து நிற்கிறான். நெஞ்சில் பழைய வட்டம் பாதி அழிந்து பிறை மாதிரி தெரிகிறது. கழித்தவனை வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு கிடையாது. வேலி ஓரமாக உட்கார்த்தி வைக்கிறார்கள், மறுநாள் எண்ணிக்கை குறைந்தால் அவர்களையே கொண்டுவந்து வரிசையில் செருகுகிறார்கள். சல்லடையில் நின்ற கப்பியை எடுத்துத் திரும்பத் திரும்ப அதே சல்லடையில் கொட்டினால் மாவு எங்கேயிருந்து வரும்? அந்த ஆள் குனிந்து, கையைத் தன் வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் அதே வாக்கியத்தைச் சொன்னான். அதில் ஓமேரா, ஓமேரா என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. “என்னவாம்?” “வயித்து வலிங்க, ப்வானா.” “இன்னைக்குமா?” “இன்னைக்கும்தாங்க.” ஓமேரா என்றால் வயிறு போலிருக்கிறது. போகட்டும், போய்த் தொலையட்டும், தொட்டுக்கூடப் பார்க்காமல் பழைய வட்டத்தின் மேலேயே ஒரு வட்டம் போட்டார். அந்த ஆள் நகரவில்லை. காவல்காரன் வந்து தோளைப் பிடித்துத் தள்ளினான்.

வயிற்று வலி வராமல் என்ன செய்யும்? மூன்று கடுதாசி எழுதியாயிற்று, மக்காச்சோளத்தை இப்படி உடைத்தும் உடைக்காமலும் கல்லுமாதிரி கொடுத்தால் குடல் கிழியும், நைஸாக அரைக்க வேண்டும், மூன்று மணி நேரம் வேகவைக்க வேண்டும், விறகு வேண்டும், பானை வேண்டும். முதல் கடுதாசிக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, கிடைத்தது என்று பதில். மூன்றாவதற்கு, கடுதாசியில் மேல் ஓரம் போதிய அளவு விடவில்லை, இனி விடவும் என்று பதில். செவிடன் காதில் சங்கு ஊதினாலும் அவன் ஊதுகிறவன் கன்னம் உப்புவதையாவது பார்ப்பான். ரத்தம் ரத்தமாகப் போகிறார்கள், சார், என்று நேரிலும் சொல்லிப் பார்த்தார், ஹாலட் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டு, நீங்கள் எல்லாரும் அரிசி தின்கிறவர்கள், பாபு, உங்களுக்கு இவர்கள் வயிறு புரியாது என்றார். அவருக்குப் புரியுமாம். வாயைத் திற. மூச்சை இழு. ஊரிலிருந்து பாக்கியம் எழுதுகிறாள், அங்கே சிங்கம் உண்டாமே, ராத்திரி வெளியே போகாதீர்கள், பூண்டி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறேன் என்று. சிங்கம். சிங்கத்துக்கு விசில் ஊதத் தெரியாது, பாக்கியம், சிங்கம் பசித்தால் ஒன்றைத் தின்னும், பசி தீர்ந்தால் படுத்துக்கொள்ளும், மேல் ஓரம் விடு என்று சொல்லாது. இதையெல்லாம் பதிலில் எழுதமுடியாது. சௌக்கியம், இங்கே நல்ல குளிர்ச்சியான காற்று, என்றுதான் எழுதினார். விடு. கையை நீட்டு.

நீட்டின கையைப் பார்த்தபோது அப்பாவின் குரல் வந்தது, அது எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அப்பா சென்னையில் கூலி டிப்போவில் கம்பவுண்டர். நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போகிறவர்களைக் கப்பலேற்றுகிற டிப்போ. நேட்டால் என்றால் இதே ஆப்பிரிக்காவின் அடி நுனிதான். பள்ளிக்கூட லீவில் ஒரு நாள் சவரிராயன் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது வெள்ளைக்கார டாக்டர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் அப்பா மருந்துக் கிண்ணத்தோடு. வேலூர்ப் பக்கத்துச் சனம், சித்தூர்ப் பக்கத்துச் சனம், வாயைத் திறந்துகொண்டு, கையை நீட்டிக்கொண்டு. ஒரு பெண்பிள்ளை கையை நீட்டிவிட்டு மடக்கத் தெரியாமல், மடக்கலாமா என்று கேட்கத் தைரியமில்லாமல், டாக்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போன பிறகும் நீட்டியபடியே நின்றது. அன்று சாயங்காலம் அவர் அப்பாவிடம் கேட்டார், இவர்களெல்லாம் திரும்பி வருவார்களா என்று. அப்பா மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, “நாம என்னப்பா பண்றோம், பல்லப் பாக்கறோம், நாடியப் பாக்கறோம், அவ்வளவுதான். அனுப்பறவன் வேற, கொண்டுபோறவன் வேற” என்றார். கூனிக் குறுகிச் சொல்லவில்லை, மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு நிம்மதியாகச் சொன்னார். அந்த நிம்மதிதான் சவரிராயனுக்கு ஆத்திரமாக இருந்தது. நான் அப்பா மாதிரி கம்பவுண்டராகமாட்டேன், டாக்டராவேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார். டாக்டரும் ஆனார். அப்பா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிள்ளை சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். குடும்பம் ஒரு படி மேலே ஏறியிருக்கிறது.

பத்தரை மணிக்கு வந்தவனின் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்ததும் விரல் தானாக நின்றது. மண்ணீரல். நாலு விரற்கடை இறங்கியிருந்தது, பழைய மலேரியா, கல்லுப் போல. இப்படிப்பட்ட மண்ணீரலின் மேல் ஒரு மூட்டை இடித்தால் போதும், ஒரு சார்ஜென்ட் விளையாட்டாக உதைத்தால் போதும், கிழிந்துபோகும், வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமல் ஆள் அரை மணியில் முடிந்துவிடுவான். தஞ்சாவூரில் முதல் வருஷத்துப் பையன்கூடக் கழிப்பான். சுண்ணாம்புக்கட்டியை எடுத்து வட்டத்துக்காகக் கையைக் கொண்டுபோனார். பின்னால் கேப்டனின் சார்ஜென்ட் தொண்டையைக் கனைத்தான். எத்தனை ஆயிற்று? இருநூற்று நாற்பது. மணி பத்தரை. இதுவரைக்கும் கழித்ததே எழுபதைத் தாண்டிவிட்டது. நேற்று அறுபது கழித்ததற்கே ஹாலட் கழித்தவர்களில் நாற்பது பேரைச் சாயங்காலம் தானே எடுத்து அனுப்பிவிட்டார், டாக்டர் எதற்கு என்று கேட்காத குறை. எப்படியும் அனுப்பத்தான் போகிறான். நான் வட்டம் போட்டாலும் சிலுவைதான். அப்படியானால் நான் எதற்கு இந்த மனுஷனை இன்னொரு மணி நேரம் வெயிலில் நிற்கவைக்க வேண்டும். இப்படியெல்லாம் அவர் நினைத்து முடித்தாரா, நினைப்பதற்கு முன்பே கை போய்விட்டதா தெரியாது. சிலுவை. அந்த ஆள் சிலுவையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நகர்ந்தான். அதற்குப் பிறகு மாலைக்கண் உள்ள ஒருத்தன், சிலுவை. முழங்கால் வீங்கிய ஒரு வயசாளி, சிலுவை. ஒன்று போட்ட கைக்கு இரண்டு போடுவது கஷ்டமில்லை. பிப்ரவரியில் அனுப்பிய கூட்டத்தில் திரும்பி வந்த ரயில் ஒன்றை அவர் பார்த்திருந்தார். போனது பதினெட்டுப் பெட்டி, வந்தது ஒன்றரைப் பெட்டி. அதைப் பற்றி நினைக்காமல் இருப்பதற்காக மைக்கூட்டை உள்ளே தள்ளினார். அது உடனே வெளியே வந்தது.

பதினொன்றே முக்காலுக்கு எண்ணிக்கை இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் வந்து முட்டிக்கொண்டது. வரிசை தீர்ந்துவிட்டது. சார்ஜென்ட் வேலி ஓரத்துக்குப் போய்க் கையில் கிடைத்தவனைப் பிடித்துக்கொண்டு வந்து மேசைக்கு முன்னால் நிறுத்தினான். யாரென்று பார்த்தால் அந்த நெட்டை ஆள். ஒரே நாளில் இரண்டாம் தடவை, மொத்தத்தில் நாலாம் தடவை. நெஞ்சில் மூன்று வட்டம் ஒன்றின் மேல் ஒன்றாக. அவன் குனிந்தான், கையை வயிற்றுக்கு நேராகப் பிடித்தான், ஓமேரா, என்றான். சவரிராயனுக்கு அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்ததெல்லாம், இடுப்பு, ஈ, விசில், பாபு, மேல் ஓரம், எல்லாம் சேர்ந்துகொண்டு பொத்துக்கொண்டு வந்தது. “படு” என்றார். மேசையைக் கையால் தட்டினார். அவன் மேசையின் மேல் படுத்தான், கால் வெளியே தொங்கியது. வயிற்றில் கை வைத்து அழுத்தினார். வலது பக்கம், இடது பக்கம், தொப்புளைச் சுற்றி. மெத்தென்று, இளம் வாழைத்தண்டு மாதிரி, அழுத்தினால் உள்ளே போய் விட்டால் மேலே வருகிற அருமையான வயிறு. முகத்தைச் சுளிக்கவில்லை. கண்ணை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். நாக்கு சுத்தம். மண்ணீரல் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. இத்தனை நாளில் இவ்வளவு திடகாத்திரமான ஒருத்தனை இந்த மேசையில் அவர் பார்த்ததில்லை.

“ஹமீசி. இவனுக்கு வயிற்று வலி கிடையாது.”

ஹமீசி கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“மூணு நாளா என்னை என்னன்னு நினைச்சே? இவன் என்ன சொல்றான்? அந்த ஓமேரா, அது என்ன?”

“ஓமேரான்னா கூடப் பிறந்தவன், ப்வானா.” ஹமீசி சார்ஜென்ட் எங்கே இருக்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான். “பேர் ஒலுவோச். இவனை யாரும் பிடிச்சுக்கிட்டு வரலீங்க. தானா நடந்து வந்தான், பதினெட்டு நாள். பிப்ரவரியிலே இவன் தம்பிக்கு நீங்க சிலுவை போட்டு அனுப்பிச்சீங்களாம். தம்பி எங்கே, டாக்டருக்குத் தெரியும், டாக்டரைக் கேளுன்னு யாரோ சொல்லிவிட்டிருக்கான். அதைத்தான் கேக்கறான்.”

“இதை ஏன் என்கிட்ட சொல்லலே?”

“சொன்னா நீங்க உடம்பைப் பாப்பீங்க. பாத்தா ரயிலிலே ஏத்திடுவீங்க. ஏத்தினா இவனும் போவான், தம்பி போன வழின்னு சந்தோஷமாவே போவான்.” கிண்ணத்தைக் கீழே வைத்தான். “தம்பி எங்கேன்னு கேட்டா நீங்க மட்டும் என்ன பதில் சொல்லுவீங்க?”

சவரிராயன் கையை இன்னும் அந்த வயிற்றின் மேல்தான் வைத்திருந்தார். அவன் மூச்சுவிடும்போது கை ஏறி இறங்கியது. கையால் இவ்வளவு உயரம் காட்டினானே வயிற்றுக்கு நேராக, அது வலிக்கிற இடமில்லை, தம்பி சின்ன வயதில் இருந்த உயரமோ என்னமோ, அல்லது கும்பிடுகிற மாதிரி ஏதோ அவர்கள் மரியாதையோ. மூன்று நாள் ஒரு மனுஷன் நேருக்கு நேர் நின்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறான், நான் வட்டம் போட்டிருக்கிறேன். ஹமீசியின் மேல் கோபம் வந்தது, பாழாய்ப்போன கிழவன் பொய் சொல்லி என்னை முட்டாளாக்கிவிட்டான், அந்தப் பொய்யால்தான் இவன் இன்னும் இங்கே இருக்கிறான், முகாமில் மூன்று நாளாக நடந்த ஒரே வைத்தியம் அந்தப் பொய்தான், என்னுடைய கையெழுத்துப் போட்ட நிஜமெல்லாம் ரயிலில் உட்கார்ந்திருக்கிறது. பூட்ஸ் சத்தம் கேட்டது. ஹாலட் வந்துகொண்டிருந்தார், விசில் கழுத்தில் ஆடியது. சவரிராயன் கையை எடுத்தார்.

“எத்தனை, பாபு?”

“இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது, சார்.”

“இவன்?”

இவன் ஒருத்தன்தான் இன்றைக்கு நிஜமாகவே தேறியவன். உத்தியோகம் போகும், பொய் சர்ட்டிபிகேட் என்றால் யுத்த காலத்தில் என்ன செய்வார்களோ, பாக்கியம், மெழுகுவர்த்தி. “ரத்தக்கடுப்பு, சார். முற்றிப்போயிருக்கிறது. ரயிலில் ஏற்றினால் பெட்டி முழுக்கப் பரவும்.” இங்கிலீஷ் அவர் வாயிலிருந்து அவ்வளவு சுத்தமாக வந்தது. ஹாலட் ஒலுவோச்சைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். அவன் மேசையை விட்டு எழுந்து, பனைமரம் மாதிரி நின்றுகொண்டிருந்தான். “ரத்தக்கடுப்பு” என்றார் ஹாலட். “ஆமாம், சார்.” ஹாலட் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, தாளில் முந்நூறு என்று எழுதி, கையெழுத்துப் போட்டார்.

“சார், ஒன்று குறைகிறது.”

“தெரியும். மொம்பாசா போவதற்குள் இன்னும் நாலைந்து குறையும். அங்கே யார் எண்ணப்போகிறான்? அவர்கள் என்னிடம் கேட்டதே இருநூற்றைம்பதுதான்.” தாளை மடித்தார். “நீங்கள் கழிப்பீர்கள் என்று தெரிந்துதானே ஐம்பது கூட்டிச் சொன்னேன். எனக்கு உங்கள் சுபாவம் தெரியாதா, பாபு?”

இருநூற்றைம்பது. சவரிராயன் அதை உடனே வாங்கிக்கொள்ளவில்லை, காதில் நுழைந்து எங்கேயோ போய் நின்றது. இருநூற்றைம்பது என்றால் பத்தரை மணிக்கு இருநூற்று நாற்பது. நல்ல உடம்புக்காரர்களாக இன்னும் பத்துப் பேர் போதும். அதற்கு அப்புறம் யாருமே வேண்டியிருக்கவில்லை. மண்ணீரல்காரன் வேண்டியிருக்கவில்லை. மாலைக்கண், முழங்கால், அதற்குப் பிறகு முகம் பார்க்காமல் போட்டது எல்லாம், ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. “அப்படியானால் சிலரை இறக்கிக்கொள்ளட்டுமா, சார்? தெரியாமல் விட்டுவிட்டேன், தேறாதவர்கள் சிலர்…” மாட்டேன் என்பார், சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தார். எதிர்பார்த்தது மட்டுமல்ல, அப்படிச் சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட மனத்தின் ஒரு மூலை காத்திருந்தது. ஹாலட் கடிகாரத்தைப் பார்த்தார். “ரயில் கிளம்புகிறவரைக்கும் இறக்கிக்கொள்ளுங்களேன். எனக்கென்ன?” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். எனக்கென்ன. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். காலையிலேயே, நேற்றே, பிப்ரவரியிலேயே.

அவர் ஓடினார். இடுப்பு பிடித்துக்கொண்டது, ஓடினார். தண்டவாளத்தின் மேல் மாட்டுப் பெட்டிகள் கதவு திறந்தபடி நின்றன. முதல் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். இருட்டில் வரிசையாகச் சிலுவைகள் தெரிந்தன. ஒவ்வொரு நெஞ்சிலும் ஒரே அளவில், ஒரே சாய்வில், அவருடைய கையால் போட்டவை. முகங்களும் தெரிந்தன. அவர் முகங்களைப் பார்த்தார், முகங்கள் அவரைப் பார்த்தன. யார் அவன்? மண்ணீரல்காரனின் முகம் எப்படி இருக்கும்? குட்டையா, நெட்டையா, காதில் வளையம் போட்டிருந்தானா? ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் அவருடைய கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றவன். நாலு விரற்கடை என்பது நினைவிருந்தது, கல்லுப் போல என்பது நினைவிருந்தது, அதற்கு மேலே ஒரு முகம் இருந்தது என்பது நினைவில் இல்லை. “காய்ச்சல் யாருக்கு? காய்ச்சல் யாருக்கு வரும்?” என்று தெரிந்த சுவாஹிலியில் கத்தினார். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். அடுத்த பெட்டிக்கு ஓடினார். அங்கே கேட்கவில்லை, வாசலோரம் நின்றவனின் விலாவுக்குக் கீழே கையை விட்டு அழுத்தினார், இல்லை, அடுத்தவன், இல்லை, அடுத்தவன். ஒருத்தன் கூச்சத்தில் சிரித்தான், ஒருத்தன் பயந்து பின்னால் நகர்ந்தான், உள்ளே நெருக்கத்தில் கை போகவில்லை. குருடன் வயிறு தடவுகிற மாதிரி தடவிக்கொண்டு மூன்றாவது பெட்டி, நாலாவது பெட்டி. முழங்கால் வீங்கிய வயசாளியையாவது கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், முழங்கால் ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது பெட்டியில் கையை வைத்திருக்கும்போது இன்ஜின் கூவியது, பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது, யாரோ உள்ளேயிருந்து அவருடைய கையை எடுத்து, விழுந்துவிடாமல் பக்குவமாக வெளியே விட்டான். மீதிப் பெட்டிகளெல்லாம் அவரைத் தாண்டிப் போயின.

திரும்பி வந்தபோது மேசை காலியாக இருந்தது. ஹமீசி தரையில் குந்தியிருந்தான், அவனுக்கு எதிரே ஒலுவோச். சவரிராயன் முக்காலியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. செத்துவிட்டான் என்று சொல்லிவிடலாம், சொன்னால் இவன் ஊருக்குப் போவான், பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். நான் பக்கத்தில் இருந்தேன், கஷ்டப்படவில்லை, உன் பேரைச் சொன்னான் என்று சேர்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஒரு பொய் பலித்திருக்கிறது, இன்னொன்றும் பலிக்கும். அந்த வாக்கியத்தைத் தமிழில் மனத்துக்குள் கட்டிப் பார்த்தார். உன் தம்பி என்று தொடங்கியதும் பேர் வேண்டியிருந்தது.

“அவன் தம்பி பேர் என்ன, கேளு.”

“ஓபியேரோ” என்றான் ஒலுவோச், ஹமீசி கேட்பதற்கு முன்பே. கேள்வியின் தொனியிலேயே புரிந்துகொண்டான் போலிருந்தது. பிறகு நிறையச் சொன்னான். ஹமீசி கேட்டுவிட்டுத் திரும்பினான். “அவனை உங்களுக்கு ஞாபகம் இருக்குதான்னு கேக்கறான், ப்வானா.”

“இல்லேன்னு சொல்லு.”

ஹமீசி தயங்கினான்.

“இல்லே. நான்தான் அனுப்பினேன். எங்கே இருக்கான்னு எனக்குத் தெரியாது. போனவங்கள்ல வந்தவங்க ரொம்பக் கொஞ்சம். நீ அந்தப் பக்கம் போகாதே, ஊருக்குப் போ. இப்படியே சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாதே.”

ஹமீசி சொன்னான். சொல்லச் சொல்ல ஒலுவோச்சின் முகத்தைச் சவரிராயன் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவான் என்று நினைத்தார். கோபப்பட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. ஒலுவோச் கோபப்படவில்லை. போ என்ற சொல்லைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. டாக்டருக்கு ஞாபகமில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டான், தான் சரியாகச் சொல்லாததுதான் குறை என்பதுபோல. நிதானமாக எழுந்து நின்றான். கையைத் தூக்கித் தன் காதுக்கு நேராகக் கிடைமட்டமாகப் பிடித்து, இவ்வளவு உயரம் இருப்பான் என்று காட்டினான். பிறகு யோசித்து, ஒரு விரல் அளவு கீழே இறக்கினான். காட்டிவிட்டு, இப்போதாவது ஞாபகம் வருகிறதா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.